அண்ணிக்குக் கேட்காத விசில்

வலது கையில் ஒரு மரக்குச்சி. பழைய பெயின்ட் பிரஷ்ஷின் கைப்பிடியைச் சீவிக் கூராக்கியது. இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கி இடுப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. குச்சி, கண்ணாடிக் குழல்களாக நின்ற வால்வுகளில் முதலாவதின் தலையை மெல்லத் தட்டியது. நகர்ந்து அடுத்ததைத் தட்டியது. பிறகு கீழே இறங்கி, வரிசையாக நின்ற கண்டென்சர்களைத் தூங்குகிற குழந்தையைத் தொடுவதுபோல் ஒவ்வொன்றாகத் தொட்டது. மேஜைமேல் திறந்து கிடந்த அந்த கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குள் நானூறு வோல்ட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் உள்ளே விட்டால் மின்சாரம் ஒரு கையில் ஏறி, நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கிவிடும். அதனால் இந்த வேலையில் ஒரு கைக்கு நிரந்தர விடுமுறை.

எங்கே தட்டியும் ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லையே," என்றாள் அண்ணி, ஆளில்லாத அறையைப் பார்த்து.

உண்மையில் அவள் ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி. கணவருக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். வீட்டில் கூட இருப்பது அவருடைய தங்கை. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். ஹாரனோடு பழகிய குரல். அவள் சமையலறையிலிருந்து "அண்ணீ!" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டே, ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வருகிற கிட்டார்காரர்கள் எல்லோரும் அதே பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். பேஸ் கிட்டார் வாசிக்கும் பெரியவர் ஒருவர், அறுபத்தைந்து வயது, அவரும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்.

"ஊருக்கே அண்ணியாயிட்டீங்க. எனக்குன்னு என்ன ஸ்பெஷல்?" என்று நாத்தனார் கேட்பாள்.

"உனக்கு மட்டும்தானே சமைச்சுப் போடறேன்."

"அது தண்டனை அண்ணி."

அண்ணி பத்தொன்பது வயதில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தொழிற்சாலையில் கம்பி சுற்றும் வேலைக்குச் சேர்ந்தவள். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மூவாயிரம் சுற்று சுற்ற வேண்டும். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து. ஒருநாள் ஒரு கிட்டார்காரர் கருகிப்போன டிரான்ஸ்ஃபார்மரோடு வாசலில் வந்து நின்றார். அண்ணி புதிதாகச் சுற்றிக் கொடுத்தாள். அவர் மறுவாரமே வந்து, "நல்லா இருக்கு, ஆனா பழைய குரல் இல்ல," என்றார். வேறு யாராக இருந்தாலும் தோளைக் குலுக்கியிருப்பார்கள். அண்ணிக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஏன் இல்லை?

அந்தப் பெட்டியின் உள்சுவரில் ஒட்டியிருந்த மின்சுற்றுப் படம் அவளுக்குப் புரியவில்லை. புரியாததை அப்படியே ஒரு நோட்டில் பார்த்து வரைந்தாள். மறுபடி வரைந்தாள். ஒன்பதாவது தடவை வரையும்போது, இந்தக் கோடு ஏன் இங்கே வந்து நிற்கிறது என்று படமே சொல்லத் தொடங்கிவிட்டது. அதுதான் அவள் படித்த பள்ளிக்கூடம். தொழிற்சாலையை மூடியபோது அவளிடம் ஆறு நோட்டுகள் இருந்தன. இப்போது இருபத்திரண்டு. துணி காயப்போடும் பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்து, பழைய கதவு ஒன்றை மேஜையாக்கி, காலடியில் ரப்பர் விரிப்புப் போட்டதுதான் அவளுடைய பட்டறை.

அவள் வேலையில் எல்லோரும் வாய்பிளந்து பார்ப்பது கம்பிக் கட்டு. தொழிற்சாலைப் பழக்கம். உள்ளே ஓடும் கம்பிகளை எல்லாம் ஒன்றுசேர்த்து, விரல்கடைக்கு ஒரு முடிச்சாக மெழுகு நூலால் கட்டிவிடுவாள். எண்ணெய் வைத்துப் பின்னிய சடைமாதிரி இருக்கும். பின்பலகையைக் கழற்றிப் படமெடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

மேஜைமேல் இருந்த ஆம்ப்ளிஃபயர் நெட்டையுடையது. முப்பது வயதுத் தபால்காரன். கதவு நிலையில் குனிந்துதான் உள்ளே வருவான். மூன்று வாரத்துக்கு முன்னால் கொண்டுவந்தான். கீழ் ஸ்வரங்கள் கொழகொழவென்று இருக்கின்றன, கொஞ்சம் இறுக்கிக் கொடுங்கள் என்றான். அண்ணி உள்ளே பார்த்தாள். ஆளாளுக்கு ஒரு திசையில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். "இது என்ன, காக்கா கூடு கட்டியிருக்கா?" என்று சிரித்தாள். கேட்ட மாற்றத்தைச் செய்துவிட்டு, கேட்காத ஒன்றையும் சேர்த்துச் செய்தாள். மொத்தத்தையும் பிரித்து அழகாகக் கட்டிவிட்டாள்.

ஒரு வாரத்தில் நெட்டை திரும்பி வந்தான். "ட்ரெபிளை ஏழுக்கு மேல வெச்சா ஒரு விசில் வருது அண்ணி."

அண்ணி மேல் ஸ்வரங்களைக் கூட்டும் அந்த ட்ரெபிள் குமிழைத் திருகிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்போது பேஸ் பெரியவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். "எனக்கும் கேக்கலையே. தம்பிக்குக் காதுலயே விசில் போல," என்று அவர் சிரிக்க, அண்ணியும் சிரித்துவிட்டாள். "உன் கிட்டார்ல பாரு தம்பி. இங்க ஒண்ணுமில்ல," என்று அனுப்பிவிட்டாள்.

நேற்று மறுபடி வந்தான். கச்சேரியில் முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். வெள்ளிக்கிழமை அவனுடைய குழுவுக்கு முதல் ஒலிப்பதிவு. கோபப்படவில்லை. பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, "நான் பொய் சொல்லல அண்ணி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அது அவளை அறைந்ததுபோல் இருந்தது.

வெளிக்கதவு திறந்தது. பணி முடிந்து வந்த நாத்தனார் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு, பட்டறை வாசலுக்கு வந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"ஐயோ, அதை நிறுத்துங்களேன். காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி கீச்சுங்குது."

அண்ணியின் குச்சி நின்றது. "எது?"

"இதுதான், இந்தப் பெட்டி! கேக்கலையா உங்களுக்கு?"

அண்ணி ட்ரெபிள் குமிழில் கை வைத்தாள். "திரும்பி நில்லு," என்றாள். நாத்தனார் சுவரைப் பார்த்து நின்றாள். அண்ணி ட்ரெபிளைக் குறைத்தாள். "இப்போ?"

"இல்ல."

ஏற்றினாள். "இப்போ?"

"இருக்கு."

குமிழைத் தொடாமலே கேட்டாள். "இப்போ?"

"அதேதான் இருக்கு. என்னை ஏமாத்தப் பாக்கறீங்களா?"

பத்து தடவை சோதித்தாள். பத்தும் சரி. அண்ணி சுவிட்சை அணைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். பெட்டிக்குக் குறை இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை தன் காதில் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயது. எத்தனை நாளாக இப்படி? இதுவரை கொடுத்தனுப்பியவற்றில் எத்தனை விசில் அடித்துக்கொண்டே போயின? கேட்காத காதை வைத்துக்கொண்டு இந்த மேஜையில் இனி எந்த முகத்தோடு உட்காருவது?

"கடையை மூடிட வேண்டியதுதான்," என்றாள்.

"கண்ணாடி போட்டப்போ கடையை மூடினீங்களா? இனிமே நான் காது, நீங்க கை. முடிஞ்சுது."

"நீ காலையில பஸ்ஸை எடுத்தா என் காதும் பஸ் ஏறிப் போயிடுமே."

"அப்போ டிக்கெட் எடுத்துட்டு கூட வாங்க," என்று சொல்லிவிட்டு நாத்தனார் டீ போடப் போனாள்.

அண்ணி சிரிக்கவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. பதினேழாம் நோட்டை எடுத்துப் புரட்டினாள். கிட்டாரே செருகாமல் ஒரு பெட்டி தானாக விசிலடிக்கிறது என்றால், அதற்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது? வால்வுகள்தான் கொடுக்க வேண்டும். சும்மா இருக்கும் வால்வு குடிக்கும் மின்சாரம் வேறு, கத்துகிற வால்வு குடிப்பது வேறு. சத்தம் அவளுக்குக் கேட்காமல் போகலாம். குடித்த கணக்கு மீட்டரில் தெரியாமலா போகும்?

முள் வைத்த பழைய மீட்டரை எடுத்தாள். மின்சாரம் இல்லாதபோதே கடைசி வால்வுகளின் அடியில் அதன் இரண்டு பிடிகளையும் மாட்டினாள். சுவிட்சைப் போட்டு, வால்வுகள் சூடாகும்வரை காத்திருந்தாள். ட்ரெபிளை மெல்ல ஏற்றினாள். ஐந்து. ஆறு. முள் அசையவில்லை. ஏழைத் தாண்டியதும், யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல முள் ஏறியது.

காதால் பிடிக்க முடியாததைக் கண்ணால் பிடித்துவிட்டாள்.

இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. குச்சி மறுபடி உள்ளே இறங்கியது. இந்தத் தடவை வால்வுகளை விட்டுவிட்டு, கண்ணை முள்ளின்மேல் வைத்துக்கொண்டே கம்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். சிவப்பு, ஒன்றுமில்லை. மஞ்சள், ஒன்றுமில்லை. குச்சியின் கூரை அந்தச் சடைக்குள் நுழைத்து இரண்டு கம்பிகளை விலக்கியபோது முள் சட்டென்று விழுந்தது.

"அப்பாடா, நின்னுது!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

குச்சியை எடுத்தாள். முள் ஏறியது. "திரும்ப வந்துடுச்சே!" குச்சியை மறுபடி உள்ளே விட்டாள். முள் இறங்கியது. சமையலறை அமைதி.

விலகிய இரண்டு கம்பிகளையும் குனிந்து பார்த்தாள். ஒன்று, வால்யூம் குமிழிலிருந்து இரண்டாவது வால்வுக்குப் போகும் மெல்லிய கம்பி. சத்தம் அதில் இன்னும் குழந்தை. மற்றது, கடைசி வால்வுகளிலிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் தடித்த கம்பி. அதே சத்தம் அங்கே ராட்சசன். இரண்டும் ஒரு சாண் தூரம் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு போயின. ராட்சசன் சொன்னது குழந்தையின் காதில் விழ, குழந்தை அதையே திருப்பிச் சொல்ல, சுற்றிச் சுற்றி அதுவே விசிலாகிவிட்டது. இரண்டையும் ஒட்டவைத்தது மெழுகு நூல். நூலைக் கட்டியது அவள்.

அவள் காக்கா கூடு என்று சிரித்தாளே, அந்தக் கூட்டைக் கட்டிய யாரோ ஒருவன் தெரிந்துதான் கட்டியிருக்கிறான். இப்போது நினைத்துப் பார்த்தால், அதில் இந்தக் கம்பி அந்தக் கம்பியைத் தாண்டும் இடத்தில் குறுக்கே தாண்டியிருக்கிறது, கூடவே நடக்கவில்லை.

பெட்டியை அணைத்து, கண்டென்சர்களில் தேங்கிய மின்சாரம் வடிந்துவிட்டதா என்று அளந்து பார்த்துவிட்டு, கத்தரியை எடுத்தாள். டீயோடு வந்த நாத்தனார் பதறினாள். "அண்ணி, இவ்வளவு அழகா கட்டினதை ஏன் வெட்டறீங்க?"

"அழகுதான் விசிலடிக்குது."

இரண்டு கம்பிகளை மட்டும் பிரித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருக்கலாம். அவள் அத்தனை முடிச்சையும் வெட்டினாள். ஒவ்வொரு கம்பியையும் அதன் வேலையைக் கேட்டு, குட்டையான வழியில் விட்டாள். பெரியதும் சின்னதும் சந்திக்கும் இடத்தில் குறுக்காக விட்டாள். முடிந்ததும் ட்ரெபிளை முழுக்கத் திருப்பினாள். முள் கல்லில் பதித்து வைத்ததுபோல் நின்றது. உள்ளே கம்பிகளோ பார்க்கச் சகிக்கவில்லை. அவளுக்கு அப்படிப்பட்ட வேலையைச் செய்து பழக்கமே இல்லை.

அதோடு விடவில்லை. நோட்டுகளைப் புரட்டி, இதேபோல் கட்டிக் கொடுத்த பெட்டிகளைத் தேடினாள். நான்கு. நான்கு பேருக்கும் போன் செய்தாள். "உன் பெட்டியைக் கொண்டா. கெட்டுப்போகல. நான் சரியா பண்ணலையோன்னு பாக்கணும்." ஐந்தாவதாக பேஸ் பெரியவருக்குச் செய்தாள். "வியாழக்கிழமை சாயங்காலம் வரணும். வேலை ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்திருந்தா போதும்."

வியாழக்கிழமை நெட்டை குனிந்து உள்ளே வந்தபோது, பெரியவர் அன்று உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தார்.

"தம்பி, விசில் இருந்தது," என்றாள் அண்ணி. குரலைத் தாழ்த்தவில்லை. "எனக்குத்தான் கேக்கல. அந்த உயரத்துச் சத்தம் இனிமே எனக்குக் கேக்காது. விசில் வந்ததும் என்னாலதான். நீ கேக்காத வேலையைப் பண்ணி நானே கெடுத்தேன். அன்னைக்கு இவர் முன்னால உன்னைச் சிரிச்சு அனுப்பினேன். அதான் இவர் முன்னாலயே சொல்றேன்."

நெட்டைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "சிரிச்சதுல பாதி என்னுது தம்பி. எனக்கு இப்பவும் கேக்காது."

"கிட்டாரைச் செருகு," என்றாள் அண்ணி.

அவன் ட்ரெபிளைக் கடைசிவரை திருப்பிவிட்டு, மண்டியிட்டு ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தான். "இல்ல அண்ணி."

"அவசரப்படாதே. நல்லா கேட்டுச் சொல்லு."

மறுபடி வைத்தான். "சுத்தமா இல்ல."

பிறகு வாசித்தான். கீழ் ஸ்வரம் ஒவ்வொன்றும் கொழகொழப்பு இல்லாமல், மேஜையில் கல்லை வைப்பதுபோல் வந்து உட்கார்ந்தது. மேல் ஸ்வரங்கள் மினுங்கின. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விரல் ஏறும்போது அது லேசாக ஏறி, அவன் நிறுத்தியதும் தன் இடத்துக்கு ஒழுங்காகத் திரும்பியது.

உள்ளே எட்டிப் பார்த்த நெட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணி, இது நீங்க பண்ணதா? எங்க தபால் ஆபீஸ் ஒயரிங் மாதிரி இருக்கு."

"இனிமே இதைத் திறந்து யாராவது ஒழுங்குபடுத்தித் தரேன்னு சொன்னா விடாதே. நானே சொன்னாலும் விடாதே."

பெட்டியை அணைத்து, மின்சாரம் வடிந்ததும் மீட்டரைக் கழற்றிவிட்டு, பின்பலகையை வைத்து ஆறு திருகுகளையும் இறுக்கினாள். வால்வுகள் ஆறட்டும் என்று அவனைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தாள். பிறகு கைப்பிடியை அவன் பக்கம் திருப்பிப் பெட்டியை மேஜை ஓரத்துக்கு நகர்த்தினாள். "கனம். பார்த்துத் தூக்கு," என்றாள். அவன் தூக்கிக்கொண்டான்.