மூலை நட்சத்திரங்கள்

பனியன் கம்பெனியில் நான் செக்கிங் பிரிவு. அவள் பிரிண்டிங் டிசைன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. இரவு வானத்தைப் படம் எடுக்கும் பைத்தியம் இருவருக்குமே உண்டு. ஆறு வருடமாக ஒரு சாதாரணக் கேமராவோடும் முக்காலியோடும் நான் மாரடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஆரம்பித்த ஒரே வருடத்தில், வானத்தைப் படமெடுக்கவென்றே செய்த தொலைநோக்கி ஒன்றை வாங்கிவிட்டாள். முழங்கை நீளம்தான். நிலாவைப் பெரிதாகக் காட்டுவதல்ல அதன் வேலை. வானத்தின் அகலமான பரப்பை, மூலைவரை ஒவ்வொரு நட்சத்திரமும் புள்ளியாக விழும்படி, ஒரே படத்தில் அள்ளிவிடும்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, என் வீட்டுக்காரர் காரை ஓட்ட, ஊர் வெளிச்சம் எட்டாத அமராவதி நகர்ப் பக்கம் போனோம். இருட்டியதும் இருவரும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைக் குறிவைத்தோம். என் படத்தில் அது நகக்கண் அளவுக்கு ஒரு மங்கல். அவள் லேப்டாப்பில், கரும் தூசிப் பட்டைகளோடு முழுசாகச் சாய்ந்து கிடந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"எப்படி இருக்குக்கா?" என்றாள்.

துணியில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் படத்தில் ஒரு குறையும் இல்லை.

"வலப்பக்க மூலையில நட்சத்திரம் இழுத்தாப்புல இருக்குது கண்ணு. கேமரா சாஞ்சு உக்காந்திருக்குமாட்ட இருக்குது" என்றேன்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று உடனே தலையாட்டினாள்.

அடுத்த வாரம் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. கேமரா பொருந்தும் வளையத்தின் மூன்று திருகுகளையும் தினமும் மொட்டைமாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். "இப்போ நாலு மூலையும் கெட்டுப்போச்சுக்கா. எனக்குக் கை ராசியே இல்ல போல."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

"அன்னைக்கு ஒரு குறையும் இல்ல கண்ணு. நாந்தான் பொறாமையில பொய் சொல்லிப்போட்டேன்."

அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

"அப்ப அந்தப் படம் நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் நானே அவள் வீட்டு மாடி ஏறினேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. திருகுகளைச் சரிசெய்ய மூன்று சாயங்காலங்கள் ஆயின. அவள் ஒரு திருகைக் கால்சுற்று திருப்புவாள், நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்வேன். நான் சொன்னதை நம்பாமல் அவளும் ஒருமுறை பார்ப்பாள். மூன்றாம் நாள்தான் மூலை நட்சத்திரங்கள் எல்லாம் பழையபடி புள்ளியாக வந்தன.

"உங்க கேமராவையும் இதுல மாட்டி ஒண்ணு எடுங்க" என்றாள்.

எடுத்தேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், சுற்றியிருக்கும் நீலப் புகையோடு வந்தது. என் கேமராவில் வந்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். இன்றுவரை அதை நான் யாருக்கும் காட்டவில்லை.