கெசியா வைத்த பெயர்கள்

“ஆம்பள பேர கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிருந்தா, வேலைய விட்டு அனுப்பாம ஆரத்தியா எடுப்பாங்க?” என்று சரசம்மா குழாயடியில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கேட்கட்டும். கெசியாவை யாரும் அனுப்பவில்லை, அவளாகத்தான் எழுந்து வந்தாள். பெயர் எழுதி வைத்தாளா என்றால், வைத்தாள். யார் இல்லை என்றது? கோவிந்தப்பன் பெயரையும் வைத்தாள், இந்தச் சரசம்மாவின் பெயரையும்தான் வைத்தாள். தன் பெயர் இருந்ததை மட்டும் சரசம்மா வசதியாக மறந்துவிடுகிறாள்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. போன வாரம் கோவிந்தப்பனின் மனைவி முனிலட்சுமியே, மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய கையோடு, குடத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்ததை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

கெசியா நாசரேத் பக்கத்துப் பெண். புருஷன் பென்சனுக்கு ஓசூரில் லேத் வேலை கிடைத்ததால் இங்கே வந்தவள். சிப்காட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் அவளுக்கு வருகைக் கணக்கு வேலை. உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் ஆட்கள் கார்டு அடிப்பார்கள். யாருக்கு முழு நாள், யாருக்கு அரை நாள் என்று பிரித்துச் சொல்வது அவள் எழுதின புரோகிராம். அந்தப் பழைய கம்ப்யூட்டர் மெஷினில் ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு துண்டு புரோகிராம் எழுத வேண்டும். அதற்கு ஃபங்ஷன் என்று பெயர். பந்தல் போட்டு இலை விரிக்கிற ஃபங்ஷன் இல்லை. துண்டுக்கு ஒரு பெயர் வைத்தால்தான் கூப்பிட்டபோது அது ஓடிவரும். பெயரோ எட்டு இங்கிலீஷ் எழுத்துக்குள் அடங்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் பஸ் ஒரு நாள் ரோட்டில் யானை நின்றதால் பிந்தி வந்தது. மெஷின் அந்த பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் அரை நாள் வெட்டியது. முதலில் வந்து சண்டை போட்டவர் வெங்கடப்பன். “யானைகிட்ட நான் டயம் சொல்ல முடியுமா மேடம்?” என்றார். பஸ் பிந்தினால் வெட்டாதே என்று ஒரு துண்டு எழுதி, அதற்கு வெங்கட் என்றே பெயர் வைத்தாள் கெசியா. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மதியம் வீட்டுக்கு ஓடிவிட்டுப் பிந்தி வந்தவள், அங்கேயே வேலை பார்த்த இந்தச் சரசம்மா. அது முதல் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் சரசா ஓடியது. யாருக்காக முதலில் தேவைப்பட்டதோ அவர் பெயர்தான் அதற்கு.

இந்தப் பழக்கமும் ஒன்றிலிருந்து வந்ததுதான். வகுப்பில் அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தந்தவர் ஒரு பழைய கம்ப்யூட்டர் மொழியைப் பற்றிச் சொன்னாராம். அதில் இரண்டு வேலைகளின் பெயர்கள், அது முதலில் ஓடின மெஷினுக்குள் இருந்த பாகங்களை வைத்து வந்தவையாம். அந்த மெஷின் காயலான் கடைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் பெயர்கள் மட்டும் போகவில்லை. பின்னால் வந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்படியும் கூப்பிடத்தான் போகிறோம், தெரிந்தவர்களைக் கூப்பிடுவோமே என்று கெசியாவுக்குத் தோன்றியது. கம்பெனி ஆட்களுக்கும் அது பிடித்துப்போனது. “மேடம், இன்னிக்கி எங்களுக்கு வெங்கட் போட்டுடுங்க” என்று கேட்டிலிருந்தே கத்துவார்கள்.

அந்த வருஷம் ஆடியில், பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த கோவிந்தப்பனுக்குக் காசநோய் என்று தெரிந்தது. முதலில் சில வாரம் லீவில் கிடந்தார். இனி அடுத்தவருக்கு ஒட்டாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸ் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வேண்டும். அங்கே ஜன்னல் திறப்பதற்குள் இங்கே ஷிப்ட் தொடங்கிவிடும். மாத்திரையை நடுவில் விட்டால் நோய் இன்னும் கெட்டியாகத் திரும்பும். விஷயம் வெளியே தெரிந்தாலோ, பக்கத்து மெஷின்காரன் ஒரே பானையில் தண்ணீர் குடிக்க மாட்டான், வீட்டுக்காரர் சாமானைத் தெருவில் வைப்பார், மத்தூரில் மகளுக்குப் பேசிவைத்த இடம் கலைந்துபோகும். மனிதர் கெசியாவின் மேஜைக்கு முன் நின்று, இதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துப்போனார்.

கெசியா பர்சனல் ஆபீசரிடம் போய்ச் சொன்னாள். நல்ல மனுஷன். “போட்டுடும்மா. காரணத்த எங்கயும் எழுதாத” என்றார். அவள் எழுதவில்லை. ஆனால் மாத்திரை நாளில் அவருக்கு வெட்டாதே என்று எழுதின துண்டுக்குப் பெயர் வைக்கும்போது பழகின கை பழகின வழியில் போய்விட்டது. கோவிந்த் என்று வைத்தாள். அந்த ஆபீசரோ ஐப்பசியில் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார்.

மார்கழியில் புது மெஷினுக்கு மாற்ற பெங்களூரிலிருந்து பையன்கள் வந்தார்கள். பழைய துண்டுகளையெல்லாம் வரிசையாக எடுத்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டார்கள். அந்த வாரம் முழுக்க விளக்கம் சொல்லியே கெசியாவுக்குத் தொண்டை வற்றிவிட்டது. வெங்கட் ஒரு பஸ்ஸுக்கே ஓடுகிறது, சரசா எல்லாத் தாய்மாருக்கும் ஓடுகிறது, கோவிந்த் மட்டும் ஏன் ஒரே ஆளுக்கு ஓடுகிறது?

“லேட் பர்மிஷன்” என்றாள்.

“அவருக்கு மட்டும் ஸ்பெஷலா மேடம்?” என்று ஒருவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு டீக்கடைக்குப் போய், பஸ் ஏறி, கெசியா வீடு வருமுன் அவள் குடியிருந்த லைன் வீட்டுக்கு வந்துவிட்டது.

“ஏட்டி, யாரு அந்தக் கோவிந்து?” என்றான் பென்சன்.

“கூட வேல பாக்கவரு.”

“அது ஊருக்கே தெரியுது. நான் கேக்கது வேற.”

“சொல்லக்கூடாத விஷயம். என் மேல நம்பிக்கை இருந்தா விடுங்க.”

பென்சன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் பாரம். கிறிஸ்துமஸுக்குக் கோயிலுக்குப் போனபோதும் அவன் பத்தடி முன்னாலேயே நடந்தான்.

கோவிந்தப்பன் ஒருநாள் சைக்கிள் ஸ்டாண்டில் வழிமறித்தார். “என்னால உங்க பேரு கெடுதும்மா. நானே போயி சொல்லிட்றேன்.”

“பொண்ணுக்கு நிச்சயம் எப்பண்ணே?”

“தை பொறந்ததும்.”

“மாத்திரை?”

“இந்த மாசத்தோட முடியுதும்மா.”

“பழைய மெஷினும் அதுவரைக்கும்தான் ஓடும். அதுக்குள்ள என்னத்துக்கு வாயத் தொறக்கணும்? போங்கண்ணே, போய் வேலையப் பாருங்க.”

மறுநாள் காலையிலேயே மேனேஜர் ஸ்ரீராம் அவளைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, புதியவர்.

“எல்லாத்துக்கும் காரணம் சொன்னீங்க. இதுக்கு மட்டும் இல்ல. யார் சொல்லிப் போட்டீங்க?”

சொன்னவர் உயிரோடு இல்லை.

“நீங்க சொல்லலன்னா கோவிந்தப்பனத்தான் என்கொயரிக்குக் கூப்பிடணும் மேடம். ஏன் லேட்டு, எங்க போறாருன்னு அவரையே கேட்டுடறேன்.”

அவர் போனில் கை வைத்தார். கூப்பிட்டால் கோவிந்தப்பன் ஒரு நிமிஷம் தாங்க மாட்டார், எல்லாவற்றையும் கொட்டிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

“அவருக்கு ஒண்ணும் தெரியாது சார். யாரும் சொல்லல. நானா போட்டேன்.”

“நீங்களா? எதுக்கு?”

“எனக்குத் தோணுச்சு, போட்டேன்.”

ஸ்ரீராம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையிலேயே குழாயடிப் பேச்சு முழுக்க இருந்தது. பக்கத்து மேஜையில் ஒருவன் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் சொன்ன இந்த ஒரு வார்த்தையைத்தான் சரசம்மா இன்றுவரை சாட்சியாகத் தூக்கிக்கொண்டு திரிகிறாள்.

“அப்ப அவரக் கூப்பிட வேண்டியதில்ல” என்றார் மெதுவாக. “ஆனா உங்களை…”

“நானே போயிடுதேன் சார்.”

எழுதிக்கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். பிரஸ் ஷாப் பக்கம் திரும்பவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, பனி விலகாத கேட்டில் தேன்கனிக்கோட்டை பஸ் அப்போதுதான் வந்து நின்றது. வெங்கடப்பன் மப்ளரை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தார்.

“இன்னிக்கியும் யானைதான் மேடம். வெங்கட் போட்டுடுங்க.”

“உள்ள சார்ட்ட சொல்லுங்கண்ணே. பேரு அங்கதான் இருக்கு” என்றாள் கெசியா. பையைக் கை மாற்றிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நடந்தாள்.