மூக்கு மூடாத விமானம்

குருநகர் எமில்ராஜ், யாழ்ப்பாண நகரில் ஒரு பல் வைத்தியரிடம் இருபத்தாறு வருடமாகக் கட்டுப்பல் செய்து வருபவர். செய்த பல் பொருந்தவில்லை என்று யாராவது திரும்பி வந்தால் அவரிடம் ஒரே மருந்துதான் உண்டு: "பழகப் பழகச் சரிவரும்."

போன வருடம் அவருக்குப் பிறஷர் கூடியது. மனதை ஆற்ற ஏதாவது பொழுதுபோக்கு வேண்டும் என்றார் டொக்டர். பாரிஸிலிருக்கும் தங்கை ஜெசிதா இதைக் கேள்விப்பட்டு ஒரு பெட்டி அனுப்பினாள். திறந்தால் ஒரு போர் ஜெட். நூறுக்கு மேற்பட்ட சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் துண்டுகள், ஒட்டிக் கட்டவேண்டும்.

மனைவி பெர்னடெட் மூடியிலிருந்த படத்தைப் பார்த்தாள். "உங்கடை தங்கச்சிக்கு வேறை ஒண்டும் கிடைக்கேல்லையாமோ?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. போர்க்காலத்தில், சின்ன வயதில், ஜெட் இரையும்போதெல்லாம் அண்ணனும் தங்கையும் காதைப் பொத்திக்கொண்டு பங்கருக்குள் ஓடியவர்கள். அதன் செட்டை கழன்று கடலில் விழவேண்டும் என்று எமில்ராஜ் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்ததும் உண்டு. இப்போது செட்டை கழலாமல் ஒட்டுவது எப்படி என்ற கவலை அவருக்கு.

செட்டைக்கு முதல் மூக்கே சரிவரவில்லை. உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்தால் வால் பக்கம் அழகாக மூடியது. மூக்குப் பக்கம் ஒரு நகம் போகுமளவுக்குப் பிளந்து நின்றது. றப்பர் வளையம் போட்டு இறுக்கி ஒட்டினார். வளையத்தை எடுத்ததும் 'டக்'கென்று விட்டது. விளிம்பை அராவினார், விளிம்பு கோணலானது. இரண்டு வாரம், செய்த கம்பனியைத் திட்டினார்.

"பழகச் சரிவருமெண்டு விடுங்கோவன்," என்றாள் பெர்னடெட்.

அடுத்த நாள் எமில்ராஜ் வேலையிலிருந்து, பல் தொடும் இடத்தில் நிறம் ஒட்டவைத்துக் கடி பார்க்கிற சிவப்புக் காபன் தாளில் ஒரு துண்டு கொண்டுவந்தார். அதைப் பாதிகளுக்கிடையில் வைத்து அழுத்தித் திறந்தார். விளிம்பில் ஒரு பொட்டுச் சிவப்பும் இல்லை. உள்ளே, விமானி இருக்கும் தொட்டியின் இரண்டு பக்கச் சுவரும் சிவந்திருந்தன. தொட்டி அரை மில்லிமீற்றர் அகலம் கூட. அதுதான் உடலை உள்ளிருந்து தள்ளியிருக்கிறது. சுவர்களை அராவியதும் மூக்கு பசையில்லாமலே மூடிக்கொண்டது.

அன்றிரவு அவருக்குச் செபஸ்தியம்மாவின் நினைவு வந்தது. மேற்பல் குத்துகிறதென்று மூன்று முறை வந்தவரை, மூன்று முறையும் பழகும் என்று திருப்பி அனுப்பியிருந்தார். கடிக்கிற பக்கத்தைப் பார்த்தாரே தவிர உட்பக்கத்தைப் பார்க்கவில்லை. காலையில் அவரை வரச்சொல்லிக் கூப்பிட்டார்.

"உள்பக்கத்தை ஒருக்காப் பாப்பம் அம்மா."

செபஸ்தியம்மா வாயைப் பொத்தினார். "வேண்டாம் தம்பி. ஆறு மாசம் கஷ்டப்பட்டு இப்பதான் பழகினனான். மாத்தினியெண்டால் முதலிலையிருந்து பழக வேணும்."

எமில்ராஜ் வீட்டுக்கு வந்து செட்டைகளை ஒட்டினார். அடியில் இடைவெளி. கட்டுப்பல்லுக்கு முரசு, அதாவது ஈறு, செய்கிற இளஞ்சிவப்பு அக்ரிலிக்கைக் குழைத்து அடைத்தார். அதன் திரவம் பிளாஸ்ரிக்கைக் கொஞ்சம் தின்றது. ஆனால் பிடித்தது பிடித்ததுதான்.

"முரசு வைச்ச பிளேனை இப்பதான் பாக்கிறன்," என்று பெர்னடெட் சிரித்தாள். அவர் அவசரமாகப் பெயின்ற் அடித்தார்.

எல்லாம் முடிந்து சக்கரங்களில் நிறுத்தினால், விமானம் வாலில் குந்திக்கொண்டது. மூக்குக்குள் பாரம் போட்டபின் ஒட்டும்படி விளக்கத்தாளில் எழுதியிருந்ததை அப்போதுதான் வாசித்தார். முன்சக்கரக் குழியில் துளை போட்டுக்கொண்டு, விமானத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே மீன்பிடிகாரர் கனிசியஸ் வலைகளுக்கிடையில் இருந்தார்.

"கனிசியஸ் அண்ணை, சின்ன ஈயக்குண்டு ரண்டு தருவியளோ?"

"என்னத்துக்கு?"

எமில்ராஜ் கையிலிருந்ததைக் காட்டினார். ஜெட் எதுவானாலும் அந்தத் தெருவில் அதற்கு, போர்க்காலத்தில் குண்டு போட்ட கிபிரின் பெயர்தான்.

"உது கிபிரெல்லோ? என்ரை வீட்டுக் கூரையைக் கொண்டுபோனதுக்கு நான் குண்டு குடுக்கிறதோ?"

"மூக்குப் பாரம் காணாது அண்ணை. குந்துது."

கனிசியஸ் விமானத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பறக்குமோ?"

"பறக்காது."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம். ஒருக்காலும் பறக்காது."

கனிசியஸ் பழைய வலையிலிருந்து மூன்று குண்டுகளைக் கழற்றி, தானே துளைக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளினார். எமில்ராஜ் பசை விட்டார். விமானம் மூன்று சக்கரத்திலும் நின்றது.