ஏணிக்கு ஊர் கிடையாது

ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் யார் பக்கத்து ஆள்? லூமீர் குச்சேரா கீழ்ப்படியைக் காலால் அழுத்தி மிதித்து, இரு கைகளாலும் சட்டங்களைப் பற்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். மேலே ஏதோ ஒரு கல்லூரிப் பெண் கூடைவலையின் ஒரு கண்ணியைக் கத்தரித்துக்கொண்டிருப்பாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியாது. "கீழ பாக்காதம்மா, கத்தரியப் பாரு" என்பார் லூமீர். எல்லா வருடமும், எல்லாப் பெண்களுக்கும் அதே வாக்கியம்தான்.

எங்கள் நெப்ராஸ்கா ஊரில் ஃபேர்போர்ன் கல்லூரியின் விளையாட்டரங்கைப் பராமரிப்பவர் அவர். எட்டுப் பத்துக் கல்லூரிகள் சேர்ந்த எங்கள் கூட்டமைப்பின் கூடைப்பந்து இறுதியாட்டம் ஒவ்வொரு மார்ச்சிலும் அங்கேதான். வென்ற அணி ஏணியில் ஏறி, கூடையின் வலையை அறுத்து நினைவாக எடுத்துக்கொள்வது வழக்கம். தேசியப் போட்டியில் நேரடி இடமும் அதற்கே. ஏணி மரத்தாலானது. அலுமினியத்தில் ஒன்று வாங்கித் தருகிறோம் என்று கல்லூரி சொன்னபோது, "அது ஏறினா நடுங்கும். பிள்ளைங்க ஏற்கெனவே நடுங்கிக்கிட்டுதான் வரும்" என்று மறுத்துவிட்டார். கீல்களில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பார். கத்தரி, மனைவி டெல்லா கோழி வெட்டுவது. ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் புள்ளிப்பலகையைப் பார்க்கமாட்டார். கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியை மென்றபடி சுவரைப் பார்த்திருப்பார்.

அவரைப் பெரிய மனிதர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. பனிக்காலத்தில் அரங்கம் விறைக்கிறது, வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்றால், "கோட்டு எதுக்கு இருக்கு?" என்பார். நியாயமான மனிதர்களோடு வாழ்வது எப்போதுமே சற்றுக் குளிரான காரியம்.

அவருடைய மகள் மார்சியாதான் ஃபேர்போர்ன் பெண்கள் அணியின் பயிற்சியாளர். அந்த அணி ஒருமுறைகூட இறுதியாட்டத்தில் வென்றதில்லை. முடிதிருத்தும் ஸ்டான் விடமாட்டான்: "யோவ் லூமீர், ஊரார் பிள்ளைக்கெல்லாம் ஏணி பிடிக்கிற. உம் பொண்ணுக்கு எப்பய்யா பிடிக்கப் போற?"

"ஏணிக்கு ஊர் கிடையாது" என்பார் லூமீர். எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருக்கும் பதில் அது.

இதற்குள் கூட்டமைப்பு கரையத் தொடங்கியிருந்தது. தொலைக்காட்சிப் பணம் பெரிதாக வரும் கூட்டமைப்புகளுக்குக் கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் தாவின. "பணக்காரச் சம்பந்தம் கிடைச்சிருச்சு, போயிட்டாங்க. இப்ப டெக்சாஸ் வரைக்கும் பஸ்ல போய்த் தோத்துட்டு வர்றாங்க" என்பார் லூமீர். குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போன கூட்டமைப்புக்கு நேரடி இடம் கிடையாது என்பது விதி. ஆள் சேர்த்துக்கொள்ளக் கொடுத்த தவணையும் இந்த வருடத்தோடு முடிகிறது. மார்சியாவின் பெண்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

இறுதியாட்டத்தில் எதிரணி ஹார்லன் ரிட்ஜ். கீழ்ப்பிரிவிலிருந்து புதிதாக மேலே வந்த கல்லூரி. அப்படி வந்தவர்கள் சில வருடம் காத்திருந்தாக வேண்டும்; அதுவரை வென்றாலும் தேசியப் போட்டிக்குப் போகமுடியாது. அவர்கள் வென்றால் அந்த இடம் தோற்றவர்களுக்கு. ஆகவே பந்தைத் தொடுவதற்கு முன்பே ஃபேர்போர்ன் போவது உறுதி.

"ஜெயிச்சாலும் போறோம், தோத்தாலும் போறோம். இப்படி ஒரு ஃபைனல் உலகத்துல உண்டா!" என்று ஸ்டான் குதித்தான்.

"அப்ப டிக்கெட் எதுக்கு வாங்கின?" என்றார் லூமீர்.

ஒரு புள்ளியில் ஃபேர்போர்ன் தோற்றது. ஊர் கைதட்டுவதா வேண்டாமா என்று விழித்தது. கூட்டமைப்பின் அதிகாரி ஓடிவந்தார். "மிஸ்டர் குச்சேரா, ஏணிய ஃபேர்போர்ன் பக்கம் கொண்டு போங்க. போறது அவங்கதான். டிவிக்குப் படம் வேணும்."

லூமீர் ஏணியைத் தோளில் வைத்தார். அழும் பெண்களை அணைத்தபடி நின்ற மகளைக் கடந்து, நேராக ஹார்லன் ரிட்ஜ் பெண்களிடம் நடந்தார்.

"எங்களுக்கா சார்? நாங்கதான் போகப்போறதில்லையே."

"ஜெயிச்சீங்களா, இல்லையா?"

"ஜெயிச்சோம்."

"அப்ப ஏறு. கீழ பாக்காதம்மா, கத்தரியப் பாரு."

"பெத்த பொண்ணுய்யா அது!" என்று மேல்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். லூமீர் வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறு மதியம் டெல்லாவின் மேசையில் விருந்தாளியாக நானும் இருந்தேன். வாத்துக்கறி ஆறிக்கொண்டிருந்தது. "நீங்க செஞ்சது சரிதான்ப்பா" என்றாள் மார்சியா. "ஆனா பிள்ளைங்க என்ன நெனைக்குதுங்க தெரியுமா? பிச்சையாக் கிடைச்ச இடத்துக்குப் போறோம்னு. பயிற்சியில ஒருத்தி கண்ணுலயும் உயிர் இல்ல. இப்படியே போனா ஆடாமலே தோத்துட்டு வருவோம்." லூமீர் ரொட்டியைப் பிய்த்தார். சரியாகச் செய்தது ஒருவரைக் காயப்படுத்தும்போது அதற்கு மருந்து எது என்று எந்த நூலிலும் நான் படித்ததில்லை. "அப்பாவும் பொண்ணும் ஒரே கல்லுல வெட்டினது" என்று டெல்லா குழம்பை ஊற்றினாள்.

புதன்கிழமை காலை அணி புறப்பட்டது. முதல் ஆட்டமே நாட்டின் தலைசிறந்த அணியோடு. அதுவும் அவர்கள் ஊரில். பெண்கள் தலையைக் குனிந்தபடி பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பனி இன்னும் உருகவில்லை. அரங்கின் பக்கக் கதவு திறந்தது. அந்தக் கட்டடத்தை விட்டு ஒருநாளும் வெளியே வராத ஏணி, லூமீரின் தோளில் வந்துகொண்டிருந்தது.

"இது எதுக்குண்ணே?" என்றார் ஓட்டுநர். "அவ்வளவு பெரிய அரங்கத்துல ஏணி இல்லாமலா இருக்கும்?"

லூமீர் குனிந்து பெட்டிகளை ஒதுக்கி, பேருந்தின் வயிற்றுக்குள் ஏணியைச் செருகினார். கீல்கள் தகரத்தில் உரசுமோ என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி அவற்றைச் சுற்றிப் பொதிந்தார். அதன் பையில் டெல்லாவின் கத்தரி துருத்திக்கொண்டிருந்தது. சன்னலோரத்துப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக் கீழே காட்டினார்கள். மார்சியா படியிலேயே நின்றுவிட்டாள். லூமீர் கதவை அடைத்துத் தாழிட்டு, சட்டையோடு அந்தக் குளிரில் நின்று, பேருந்தின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.