கம்பளி போர்த்திய டிராக்டர்

எங்கள் ஊருக்கு வந்த முதல் டிராக்டர் எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது மூன்றாவது. முதல் இரண்டும் யானை மாதிரி இருக்கும். எங்களுடையது அவற்றுக்குப் பக்கத்தில் நின்றால் கன்றுக்குட்டி. அதுவும் வேறொருவர் ஓட்டி விற்ற பழையது. அதை வாங்குவதற்காக நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) உழவு மாடுகள் இரண்டையும் விற்றுவிட்டார். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஏழு வயது.

ஏரிக்கு அக்கரையிலிருந்த ஊரில் ஒரு பெரியவர் விற்பதாகச் சொல்லியிருந்தார். நைனாவும் மாமாவும் பார்க்கப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். மாமா அம்மாவின் தம்பி. கவரைப்பேட்டையில் லாரி ஷெட்டில் வேலை பார்த்தவர். அதனால் எஞ்சின் உள்ள எதைப் பற்றியும் அவரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்.

புரட்டாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அந்தக் கொட்டகையில் டிராக்டர் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றது. பெரியவர் கம்பளியை உருவினார். மாமா ஹேண்டிலைச் செருகி இரண்டு சுற்று சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் யாரோ கதவைப் படாரென்று சாத்தினார்கள். நைனா கேட்ட விலைக்குப் பெரியவர் தலையாட்டினார். அது நைனாவுக்குச் சந்தோஷமாக இருந்தது; மாமாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

கிளம்பும்போது பெரியவர் கம்பளியை மடித்து நைனாவிடம் கொடுத்தார்.

"மார்கழி பொறந்துச்சுன்னா சாயந்திரமே ரேடியேட்டர் தண்ணிய எறக்கிடுப்பா. இத்தப் போத்தி வுடு. காலையில வெந்நி ஊத்தி, கொஞ்ச நேரம் வுட்டு, அப்பறமா ஹேண்டில் போடு. குளிர் ஏறவே கூடாது, ஆமா."

வழியெல்லாம் மாமா நைனாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னா மாமா இது, கும்மிடிப்பூண்டியா காஷ்மீரா? டிராக்டருக்குக் கம்பளி போத்தறாராம்."

கார்த்திகை போய் மார்கழி வந்தது. ஏரியிலிருந்து பனி எழுந்து எங்கள் களம்வரை வந்து நிற்கும். நவரைப் பட்ட நெல்லுக்கு உழ வேண்டிய நேரம். டிராக்டர் அசையவில்லை. ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி மாமாவின் பனியன் நனைந்தது. கடைசியில் ஹேண்டில் எகிறித் திருப்பி அடித்ததில் மணிக்கட்டு வீங்கிப்போனது. மாடும் இல்லை, டிராக்டரும் ஓடவில்லை என்று ஆனபோது நைனா பரணிலிருந்து கம்பளியை எடுத்து வந்தார். அன்று சாயங்காலம் தண்ணீரை இறக்கினார்கள். மறுநாள் காலை அம்மா ஒரு குடம் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். ஊற்றிய கொஞ்ச நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மாமா வீங்கிய கையைத் தடவியபடி வேறு பக்கம் பார்த்தார்.

நாலைந்து நாள் நன்றாக உழவு நடந்தது. பிறகுதான் அது தொடங்கியது.

ஒரு காலை நைனா வெந்நீரோடு போனபோது ரேடியேட்டரில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு. கம்பளி, தூங்குகிற பிள்ளையின் கழுத்துவரை இழுத்துவிட்டதுபோல் இரண்டு பக்கமும் செருகியிருந்தது. மாமா ஊற்றியிருப்பார் என்று நைனா நினைத்தார். மாமா தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஈர மண்ணில் வெறுங்கால் தடங்கள் தெரிந்தன. ஏரிக்கரையிலிருந்து நேராக எங்கள் கொட்டகைக்கு வந்து, வந்த வழியே திரும்பியிருந்தன. எங்கள் வீட்டில் யாருடைய காலும் அத்தனை சின்னது இல்லை, என்னுடையதைத் தவிர.

மாமா டீக்கடையில் விசாரித்துவிட்டு வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று நான் எல்லாவற்றையும் கேட்டேன். அந்தப் பெரியவருக்கு ஒரே பையனாம். போன வருஷம் மார்கழியில், விடியற்காலையில் ஏரிக்கரை மேல் இந்த டிராக்டரை ஓட்டிப்போனவன் சரிந்து தண்ணீரில் விழுந்துவிட்டான். டிராக்டர் அவன் காலை அழுத்திக்கொண்டது. கழுத்துவரை தண்ணீர். ஆட்கள் கூடி மாடு கட்டி இழுக்கும்வரை உயிர் இருந்தது.

"குளிருது, குளிருதுன்னு சொல்லிக்கினே இருந்தானாம்," என்றார் மாமா. "தூக்கும்போது ஒண்ணும் இல்ல."

அம்மா அப்போதே சொல்லிவிட்டாள். "அவன்தான் வர்றான். இன்னொரு நாளு இது இந்த ஊட்டுல இருக்கக் கூடாது. வித்துடுங்க."

"இத்த வித்துட்டு? நானும் உன் தம்பியும் நொகத்தடிய மாட்டிக்கினு உழறதா?" என்றார் நைனா. சொன்னாரே தவிர, அவரும் அன்று கொட்டகைப் பக்கம் போகவில்லை; ரேடியேட்டர் தண்ணீரையும் இறக்கவில்லை.

கோழிகளை அடைக்கும் கூடை கொட்டகையில்தான் இருந்தது. காலையில் திறந்துவிடுவது என் வேலை. போகாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் மறுநாள் பொழுது வெளுத்தும் கோழிகள் உள்ளேயே கத்திக்கொண்டிருந்தன. பொறுக்க முடியாமல் நான் போனேன்.

பனியில் டிராக்டரே சரியாகத் தெரியவில்லை. யாரோ அதன்மேல் குனிந்திருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம். கூடவே காதோடு பேசுவதுபோல் ஒரு முணுமுணுப்பு. பையனாக இருந்தால் சட்டை நனைந்திருக்குமா என்று மட்டும் யோசித்தது நினைவிருக்கிறது.

உருவம் திரும்பியது. ஒரு பெண். அம்மாவைவிட மூத்தவள், குள்ளமாக, துண்டைத் தலையில் சுற்றியிருந்தாள். துணி சுற்றிய அலுமினியக் குடம் இடுப்பில் இருந்தது. பேயில்லை என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"வா கண்ணு," என்றாள். என் கையைப் பிடித்துக் கம்பளிக்கு அடியில் விட்டு, எஞ்சின்மேல் வைத்தாள். அவள் கை அந்த இரும்பைவிடக் குளிர்ந்திருந்தது. "சூடு வந்துச்சா சொல்லு. எனக்குத் தெரியல."

நான் நன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "இல்ல. சில்லுன்னுதான் கீது."

அவள் குடத்தைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டுக்கூட இல்லை. பிறகு தலைத்துண்டை அவிழ்த்து எஞ்சின்மேல் போட்டு, அதன்மேல் இரண்டு கையையும் விரித்துக் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை அதற்குப் பிறகு எங்கேயும் நான் கேட்டதில்லை. வீட்டிலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். அம்மாதான் முதலில் போய் அவளைத் தொட்டாள்.

நைனா அவளை அக்கரைக்கு, பெரியவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிராக்டரை விற்கவில்லை; நவரை நட்டோம். மறுநாளிலிருந்து அம்மா விடிவதற்குமுன் கொட்டகை ஓரமாகவே அடுப்பு மூட்டி, குடம் நிறைய வெந்நீர் கொதிக்கவைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். தை பிறக்கும்வரை யார் வந்து ஊற்றினார்கள் என்று யாரும் எட்டிப்பார்க்கவில்லை. கோழிக்கூடை கொட்டகையிலிருந்து சமையற்கட்டுக்கே வந்துவிட்டது.

அவளை விட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம் நைனா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"அந்தம்மா உன்ன இன்னா கேட்டாங்க?"

சொன்னேன்.

"நீ இன்னா சொன்ன?"

அதையும் சொன்னேன். "பொய் சொல்லல நைனா. தொட்டுப் பாத்துட்டுத்தான் சொன்னேன்."

நைனா திட்டவில்லை. என் உள்ளங்கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். சரியாகத்தானே சொன்னோம், ஏன் இவர் சபாஷ் சொல்லவில்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது.