பொறு என்று காட்டிய கை

2011 என்று நினைக்கிறேன். திண்டிவனத்தில் ஒரு தனியார் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் நான் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு விழுப்புரத்தில். தினமும் காலையில் பஸ் பிடித்து ஓட வேண்டும். எலெக்ட்ரிகல் படிக்கும் பெண்களுக்கு வயரிங் சொல்லித்தர வேறு ஆட்கள் இருந்தார்கள். வேலை செய்யும் இடத்தில் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது, எப்படி உடுத்துவது என்பதெல்லாம் என் பொறுப்பு.

நான் கொஞ்சம் கறாரான ஆள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தி, முனைகளை முதுகுப் பக்கம் விட வேண்டும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அவர்கள் தலையசைத்த பிறகுதான் 'எக்ஸ்க்யூஸ் மீ' என்று ஆரம்பிக்க வேண்டும். இந்தக் கை தூக்குவதை மட்டுமே ஒரு மாதம் பழக்கினேன்.

என்னிடம் அதிகம் திட்டு வாங்கியவள் மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வந்த பெண். அவள் வாயைத் திறந்தால் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்ப்பார். "மெதுவா பேசும்மா" என்றால், "மெதுவாதான் மேடம் பேசிக்கினு இருக்கேன்! எங்க ஊர்ல கடல் சத்தத்துக்குக் கத்துனாதான் காதுல வுழும்" என்பாள். வகுப்பே சிரிக்கும். இந்தக் குரலோடு போனால் எந்தக் கம்பெனியும் எடுக்காது என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி, சில மாதங்களில் அவள் குரலைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தச் சமயத்தில் விக்கிரவாண்டி தாண்டி பைபாஸ் ஓரமாக அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனி, பயிற்சிக்குப் பெண்களை எடுக்கத் தயாராக இருந்தது. முதலில் எல்லோரையும் ஒருநாள் அழைத்து வாருங்கள், பார்க்கிறோம் என்றார்கள். கிளம்பும்போதே எங்கள் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, "பத்துப் பேரையாவது எடுக்கணும் மேடம். இல்லன்னா இந்த கிளாஸை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றார்.

வேனில் போகும்போது கற்பனை எங்கெங்கோ ஓடியது. யாராவது செருப்பைத் தரையில் தேய்த்து நடப்பார்களோ, கொடுக்கிற டீயைச் சத்தமாக உறிஞ்சுவார்களோ, மரக்காணத்துப் பெண் மேனேஜரை "அண்ணா!" என்று கூப்பிட்டுத் தொலைப்பாளோ. டோல்கேட்டில் வண்டி வரிசையில் நின்றபோது சும்மா இருக்க முடியாமல் எழுந்து, இருபது பெண்களின் துப்பட்டாப் பின்னையும் ஒவ்வொன்றாக நானே இழுத்துப் பார்த்தேன். ஒன்று தளர்வாக இருந்தது. அதைக் கழற்றி அழுத்தமாகக் குத்தினேன். அவள் ஒலக்கூர் பக்கத்திலிருந்து வருகிற, அதிகம் பேசாத பெண்.

கம்பெனிக்குள் மெஷின் சத்தம் காதை அடைத்தது. அட்டைகள் ஒரு பெல்ட்டின் மேல் மெதுவாக நகர்ந்து போய் இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைந்துகொண்டிருந்தன. தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், பெல்ட்டுக்கு முதுகைக் காட்டி, பெண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்று மேனேஜர் பேசினார். உருளைப் பக்கம் வரிசையின் கடைசியில் ஒலக்கூர்ப் பெண். இந்தப் பக்கம், எனக்கு அருகில், மரக்காணத்துப் பெண்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, "நல்ல டிசிப்ளின் மேடம். இப்படிப் பிள்ளைங்கள நாங்க பார்த்ததே இல்ல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எப்படிப் பழக்கினேன் என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஓரக்கண்ணில் ஒரு கை உயர்ந்தது. மரக்காணத்துப் பெண். அவளைப் பார்க்காமலே என் உள்ளங்கையைக் காட்டினேன், பொறு என்று. கை இறங்கியது. இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். கை மறுபடி உயர்ந்தது, இந்த முறை எக்கிக்கொண்டு. நான் திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடியும் உள்ளங்கையைக் காட்டினேன்.

அடுத்த நொடி அவள் கத்தினாள். இத்தனை மாதமாக நான் அடக்கி வைத்திருந்த குரல் முழுசாக வெளியே வந்தது. "மிஷின நிறுத்துங்க! துப்பட்டா மாட்டிக்கிச்சு! ஜல்தி நிறுத்துங்கண்ணா!"

அந்தக் கோடியில் மெஷின் ஓட்டுகிறவர் சிவப்பு பட்டனை அடித்தார். எல்லாம் நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். ஒலக்கூர்ப் பெண்ணின் முதுகு பெல்ட் மேல் வளைந்து கிடந்தது. துப்பட்டா உருளைக்குள் போய், கழுத்தை இறுக்கியிருந்தது. அவள் தலைக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். சாதாரணமாகப் போட்ட துப்பட்டா என்றால் நழுவி வந்திருக்கும். நான் வேனில் அழுத்திக் குத்திய அந்தப் பின் விடவில்லை. மெஷின்காரர் டேப் வெட்டுகிற பிளேடால் துணியை அறுத்து அவளைத் தூக்கி நிறுத்தினார். கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு, தோளில் பின் கிழித்த காயம். வேறு ஒன்றும் இல்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. தள்ளுவண்டி ஒன்று வர, அதற்கு வழிவிட ஒலக்கூர்ப் பெண் கோட்டைத் தாண்டி ஓரடி பின்னால் போயிருக்கிறாள். துப்பட்டா முனை பெல்ட்டில் விழுந்து மெதுவாக உருளையை நோக்கிப் போவதை மரக்காணத்துப் பெண் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள்.

வெளியே வேனுக்குப் பக்கத்தில் அவள் என்னிடம் வந்தாள். "சாரி மேடம். குறுக்க பேசிட்டேன்" என்றாள். ஏன்டி அப்போதே கத்தவில்லை என்று கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"நீங்க கை காட்டுனீங்களே மேடம்" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. பாடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

கல்லூரிக்குக் கொடுத்த அறிக்கையில் 'சிறு விபத்து' என்று எழுதினேன். தூக்கிய கையைப் பற்றி எழுதவில்லை, எழுதத் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் ஒலக்கூர்ப் பெண்ணின் அம்மா கல்லூரிக்கு வந்தார். ஒரு பை நிறைய மல்லாட்டை, அவர்கள் நிலத்து வேர்க்கடலை, கொண்டு வந்திருந்தார். "எம் பொண்ண பத்திரமா கூட்டியாந்துட்டீங்க டீச்சரம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இவளைக் கும்பிடுங்கள் என்று மரக்காணத்துப் பெண்ணை அழைத்து முன்னால் நிறுத்தினேன். ஆனால் என் தப்பை அந்த அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. பையை வாங்கிக்கொண்டேன். இதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வகுப்பில் மட்டும், அவர் வந்துபோன மறுநாளே, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கம்பெனி பிறகு ஏழு பேரை எடுத்தது. கத்திய பெண்ணும் அதில் உண்டு, மேனேஜரே கேட்டு வாங்கிக்கொண்டார். என் வேலையும் எப்படியோ தப்பியது.

இப்போதும் இதே வகுப்புதான் எடுக்கிறேன். எப்போது குறுக்கே பேசியே ஆக வேண்டும் என்பது முதல் நாள் பாடம். எல்லோரையும் ஒரு முறை தொண்டை கிழியக் கத்த வைக்கிறேன், பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எனக்கு எதிரே ஒரு கை உயர்ந்தால், அது தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று கேட்பதற்காகவே இருந்தாலும், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை அதற்குப் பிறகு என்னால் முடிக்க முடிவதில்லை.