இடப்பக்கத்துக் கல்

என் நோயின் முதல் அடையாளம் என் உடம்பில் தெரியவில்லை. தோட்டத்து வாசல் கல்லில் தெரிந்தது. வண்டியை வெளியே ஓட்டும்போது இடப்பக்கச் சக்கரம் அந்தக் கல்லில் உரசியது. அடுத்த சந்தை நாளன்றும் உரசியது. அதற்கும் அடுத்த முறை கடையாணி தெறித்து விழும்படி மோதியது.

நான் மாட்டைத் திட்டினேன். என் வண்டியில் இடத்து மாடு காது நுனி பிளந்த செவலை, வலத்து மாடு மயிலை. இடப்பக்கம் பூட்டிப் பழக்கிய மாடு கடைசிவரை இடப்பக்கம்தான். வண்டி அந்தப் பக்கம் ஒதுங்கினால் குற்றம் அந்த மாட்டுடையது என்பது எங்கள் பக்கத்து நியாயம். செவலைக்கு மிரட்சி வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, பொள்ளாச்சிச் சந்தையில் அதை விற்றுவிட்டு, கையோடு வேறொரு மாடு பிடித்து வந்தேன்.

புது மாடு வந்த வாரமே கல்லில் மோதியது. தரகன் தலையில் கட்டிவிட்டான் என்று அவனையும் திட்டினேன். என் கண்ணை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை, ஊசியில் நூல்கூடக் கோத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டம் கோவிந்தாபுரம் சாலையிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி இருக்கிறது. இங்கே வீடுகள் தெருவாக இருப்பதில்லை. அவரவர் தோட்டத்தில் அவரவர் வீடு. பஸ் ஏற வேண்டுமென்றாலும் முதலில் வண்டி பூட்டியாக வேண்டும். கணவர் இறந்த பிறகு கயிற்றை நானே கையில் பிடித்தேன். பொம்பளை வண்டி ஓட்டுகிறாள் என்று சிரித்தவர்கள், பின்னால் தங்கள் வீட்டுப் பிரசவத்துக்கு என் வண்டியைத் தேடி வந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இல்லை என்று எழுதினால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

உடுமலையில் கட்டிக்கொடுத்த மகள் சரசு வந்திருந்தபோது, சாப்பிடும் நேரத்தில் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டேன். வேறு சொம்பு வைத்தாள். அதையும் தட்டினேன்.

"ஏம்மா, கைக்குப் பக்கத்துலயே இருக்குது, தெரியலியா?" என்றாள்.

"நீ அங்க கொண்டுபோயி வெச்சா எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். அவள் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். மறுநாளே பொள்ளாச்சிக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் என் வலது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னார். மூடினேன். எதிரே நின்ற மனிதர் காணாமல் போனார். புகை மூட்டத்துக்குள் வெள்ளைச் சட்டையின் ஓரம் மட்டும் அசைந்தது. இத்தனை நாளும் வலது கண் ஒன்றே இரண்டு கண்ணின் வேலையையும் பார்த்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

அப்புறம் கண்ணில் சொட்டு விட்டு மரத்துப்போகச் செய்து, படுக்கவைத்து, விழிமேல் சிறு எடையுள்ள கருவி ஒன்றை வைத்து அளந்தார். கிளாக்கோமா (விழிக்குள் நீரின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை மெல்ல மெல்ல அழிக்கும் நோய்) என்றார். பார்வை ஓரத்திலிருந்து போய்க்கொண்டே வருமாம். நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் ஆளுக்குத் தெரியாதாம்.

"எடது கண்ணுல போனது திரும்பாதுங்கம்மா. வலது கண்ணக் காப்பாத்திரலாம். ஆனா தெனமும் மருந்து விடோணும், மாசாமாசம் வந்து அழுத்தம் பாத்துக்கோணும். மருந்த நிறுத்துனீங்கன்னா அதுவும் போயிரும்."

"வண்டி ஓட்டலாங்களா?" என்று கேட்டேன். அவர் சொன்னதில் எனக்கு மிஞ்சிய கேள்வி அது ஒன்றுதான்.

"உங்க எடப்பக்கமிருந்து ஒரு கொழந்தை ஓடியாந்தா?"

அந்த நிமிஷம் எனக்கு நினைவு வந்தது குழந்தை அல்ல, செவலை. கல்லை நோக்கிக் கயிற்றை இழுத்தது நான். இழுத்த பக்கம் போனது அது. அதற்காகச் சாட்டையடியும் வாங்கி, சந்தைக்கும் போனது. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சரசு கண்ணுக்காக அழுகிறேன் என்று நினைத்தாள்.

மருந்து விட்டால் புருவத்துக்கு மேல் ஒரு வலி வரும். கண்மணி சுருங்குவதால் வெளிச்சமும் மங்கும். பொழுது சாய்வதற்கு முன்பே எனக்குச் சாய்ந்துவிடும். சில நாளில் வலி பழகிவிட்டது. பழகாதது வேறு. சாட்டையை ஆணியில் மாட்டினேன், வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளினேன், அத்துடன் என் கால்களையும் உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி ஆகிவிட்டது.

முதல் மாதம் சரசு வந்து அழைத்துப் போனாள். அவளுக்குக் கைக்குழந்தை, மாதாமாதம் வர முடியுமா? நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். அதுதான் சிக்கல். சரி என்று சொல்லிவிட்டு என்னைத் தூக்கி ஏற்றுவார்கள், பாவம் என்பார்கள். அதைவிட இருட்டே மேல் என்று நினைத்தேன். இதே நோயோடு இதைப் படிப்பவர்களே, நீங்களும் அப்படி நினைத்திருந்தால், நமக்கு நோய் கண்ணில் மட்டும் இல்லை.

மருந்துப் புட்டி காலியான வாரம் ஆறுச்சாமி வந்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரன், எனக்கும் அவனுக்கும் ஒரே கிணறு. மோட்டார் ஓட்ட ஆளுக்குச் சில நாள் முறை.

"ஏனுங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகறதையே உட்டுட்டீங்களாமா?"

"அதெல்லாம் கண்ணு நல்லாத்தான் இருக்குது."

"சரிங்க. அப்ப கழுத்தத் திருப்பாம, நான் எந்தப் பக்கம் உக்காந்திருக்கறேன், சொல்லுங்க பாக்கலாம்."

குரல் வந்த இடப்பக்கம் கை காட்டினேன். "அது காதுங்கக்கா, கண்ணில்லீங்க" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு விஷயத்துக்கு வந்தான். வியாழன்தோறும் எங்கள் பக்கத்திலிருந்து கடலைக்காயும் காய்கறியும் ஏற்றிச் சந்தைக்கு வண்டிகள் சாலைவரை போகும். இனி வாரம் ஒரு வண்டி பாரம் ஏற்றாமல், வைக்கோல் பரப்பி, வண்டி ஓட்ட முடியாமல் போன பெரியவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போவது என்று தோட்டக்காரர்கள் பேசி முடித்திருக்கிறார்கள். சாலையில் பஸ் ஏற்றிவிடுவார்கள், சந்தைக்குப் போகிறவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரிவரை கூட வருவார். சாயங்காலம் அதே வண்டி காத்திருக்கும்.

"எனக்கு யாரு தயவும் வேண்டாம், ஆறுச்சாமி."

"கெணத்துல உங்க முறைக்குத் தண்ணி எறைக்கறீங்களே, அது யாரு தயவுங்க?"

"யாரு தயவு? அது எம்பட பங்கு."

"இதும் அப்படித்தானுங்க. தோட்டத்துக்கொரு முறை. உங்க முறைக்கு உங்க வண்டி வரோணும். ஓட்டறதுக்கு ஆளு நாங்க தர்றோம். வண்டியக் கொட்டகைல போட்டு வெச்சிருந்தா முறைய மதிக்கலைன்னுதானுங்க அர்த்தம்."

என் வாழ்க்கையில் கிணற்று முறையை நான் தவறவிட்டதில்லை. அவனுக்கு அது தெரியும். என்னை மடக்கிவிட்டான்.

முதல் வியாழக்கிழமை வாய்க்காலுக்கு அக்கரைத் தோட்டத்துக் கந்தசாமியின் முறை. வண்டி வாசலில் வந்து நின்றது. முன்பே ஏறி உட்கார்ந்திருந்த வேலப்பண்ணன், காலமெல்லாம் பார வண்டி ஓட்டி இப்போது மூச்சிரைப்பால் நிறுத்தியவர், "கயித்த இப்படியா புடிக்கறது?" என்று கந்தசாமிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் ஏறப் போனவள், கழுத்தைத் திருப்பி மாடுகளைப் பார்த்தேன். இடத்து மாட்டின் காது நுனி பிளந்திருந்தது. செவலை.

"இதை எங்க புடிச்சே?"

"சந்தைலதானுங்க. ஏனுங்க?"

"எப்படி நடக்குது?"

"தங்கமுங்க. கோடு போட்ட மாதிரி போகும்."

நான் அதன் கழுத்தைத் தடவினேன். அது என் தோளில் மூச்சு விட்டது. என்னை அடையாளம் தெரிந்து விட்ட மூச்சா, தெரியாமல் விட்ட மூச்சா என்று நான் ஆராயவில்லை. வண்டி வாசலைத் தாண்டும்போது செவலை கல்லுக்கு ஒரு முழம் தள்ளியே போனது.

அன்று டாக்டர் கோபித்துக்கொண்டார். அழுத்தம் ஏறியிருந்தது, வலது கண்ணின் ஓரத்திலும் கொஞ்சம் போய்விட்டது. அது என் வீறாப்புக்கு நான் கொடுத்த பங்கு, திரும்பி வராது. இன்னொரு மருந்து சேர்த்தார். அடுத்த மாதம் அழுத்தம் இறங்கியது. அதற்குப் பிறகு ஏறவில்லை. விரலை ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே வருவார். அது தெரிகிற இடம் அப்படியே நிற்கிறது. "நிக்குதுங்கம்மா" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு தூரம் போய்வருகிறேன்.

என் முறை வரும் வாரம் என் வண்டி போகிறது. கந்தசாமி செவலையை ஓட்டி வந்து, என் புது மாட்டுக்குப் பதிலாக மயிலையோடு இடப்பக்கம் பூட்டுகிறான். பழைய ஜோடி, பேச்சே வேண்டியதில்லை. வேலப்பண்ணனுக்குத்தான் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் முகம் வாடிப்போகிறது.

இப்போது என் உடம்பு வேறு மாதிரி. இடப்பக்கம் ஒரு சத்தம் கேட்டால் கண் போகாது, கழுத்து முழுதும் போகும். அவசரமாக எதையும் எடுக்க மாட்டேன். முதலில் கை போய்த் தடவிப் பார்த்து வரும். என் பொழுது மருந்துச் சொட்டுகளாகப் பிரிந்திருக்கிறது, மாதம் வியாழக்கிழமைகளாக. முன்பு வண்டி போய்ச் சேரும் இடத்தைத் தவிர வேறொன்றையும் பார்த்ததில்லை. இப்போது பின்னால் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து, பனைகள் ஒவ்வொன்றாகச் சிறுத்துப் போவதைப் பார்க்கிறேன். எனக்கு அவசரம் இல்லை.

வாசல் கல்லைப் பெயர்த்து எடுத்துவிடலாம் என்று ஆறுச்சாமி சொன்னான். வேண்டாம், சுண்ணாம்பு அடித்து விடு என்றேன். வண்டி வெளியே போகும்போது கழுத்தைத் திருப்பி அதைத் தேடுவேன்.

போன வியாழக்கிழமையும் தெரிந்தது.